அபராதத்திலிருந்து ஓர் அணி: அகதிச் சிறாரும் கால்பந்து ரசிகர்களின் தோழமையும்

2016 ஆகஸ்ட் 17 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்டிக் கழகமும் இஸ்ரேலைச் சேர்ந்த ஹப்போயல் பீர்ஷேவா அணியும் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் மோதின. 5-2 என்ற கணக்கில் செல்டிக் வென்றது. ஆனால் அந்த இரவு பேசப்படுவது கோல்களுக்காக அன்று. பார்வையாளர் மாடத்தில் பாலஸ்தீனக் கொடிகள் திரளாக உயர்ந்தன. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஃபா அதைக் குற்றமாகக் கருதி நடவடிக்கையில் இறங்கியது. ரசிகர்களின் செயலுக்குக் கழகமே பொறுப்பு என்பது அதன் ஒழுங்கு விதி. அபராதம் வரும் என்று தெரிந்ததும், கொடியேந்திய கிரீன் பிரிகேட் என்னும் ரசிகர் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது: அபராதத்துக்கு ஈடான தொகையைப் பாலஸ்தீனர்களுக்காகத் திரட்டுவோம். தொடக்க இலக்கு 15,000 பவுண்டு. திரண்டதோ 1,76,000 பவுண்டுக்கும் மேல். யூஃபா இறுதியில் விதித்த அபராதம் 10,000 யூரோ.

திரண்ட நிதி இரண்டு அமைப்புகளுக்குச் சென்றது. ஒன்று பாலஸ்தீனர்களுக்கு மருத்துவ உதவி வழங்கும் பிரிட்டன் அமைப்பு. மற்றொன்று, பெத்லகேமை ஒட்டிய அய்தா அகதி முகாமில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் லாஜி மையம். லாஜி என்ற அரபுச் சொல்லுக்கு அகதி என்று பொருள். முகாமின் சிறார் பெத்லகேம் இளையோர் போட்டிகளில் பங்கேற்கச் சீருடையும் ஆட்டக் கருவிகளும் தேவைப்பட்டன. அந்தத் தேவையிலிருந்து 'அய்தா செல்டிக்' என்ற அணி உருவானது.

இதை நெகிழ்ச்சியான ஒரு செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துவிடலாம். நாம் வேறு கேள்விகளை எழுப்ப விரும்புகிறோம். ஓர் அகதிச் சிறுவன் ஆடுகளத்தில் இறங்குவதைத் தடுப்பவை எவை? ரசிகர்களின் உதவி அவற்றில் எதை அகற்றுகிறது, எதை அகற்ற இயலாமல் நிற்கிறது? ஈகைக்கும் தோழமைக்கும் இடையிலான கோடு எங்கே விழுகிறது?

முகாமும் சுவரும்

அய்தா முகாம் 1950இல் அமைக்கப்பட்டது. ஜெருசலேம், ஹெப்ரான் பகுதிகளின் ஊர்களிலிருந்து 1948இல் வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். ஒரு சதுர கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத நிலப்பரப்பில் ஆயிரக்கணக்கானோர் நெருங்கிக் கிடக்கின்றனர். முகாமின் ஓரத்தை ஒட்டி இஸ்ரேல் எழுப்பிய பிரிப்புச் சுவர் நிற்கிறது. 2015 அக்டோபரில் இம்முகாமைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் ஒருவன் இஸ்ரேலியப் படைவீரரின் குண்டுக்குப் பலியானான். அவனைக் குறிவைக்கவில்லை என்று ராணுவம் பின்னர் கூறியது. கிளாஸ்கோவில் கொடிகள் உயர்ந்தது அதற்கு அடுத்த ஆண்டு. 2017இல் அமெரிக்காவின் பெர்க்லி சட்டப் பள்ளியைச் சேர்ந்த மனித உரிமை மையத்தினர் முகாமில் ஆய்வு நடத்தினர். கருத்துக் கேட்கப்பட்ட அனைவருமே முந்தைய ஓராண்டில் கண்ணீர்ப்புகைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர்.

இப்படியோர் இடத்தில் காலணியும் பந்தும் அற்பமான பொருள்களாகத் தோன்றலாம். ஆனால் 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை, விளையாடும் உரிமையை 31ஆம் பிரிவில் தனித்து வைத்திருக்கிறது. 22ஆம் பிரிவு, அகதிக் குழந்தைக்கும் அவ்வுடன்படிக்கையின் உரிமைகள் அனைத்தும் கிடைக்கச் செய்யும் கடமையை அரசுகள்மீது சுமத்துகிறது. விளையாட்டு, வயிறு நிறைந்த பின்னர் வழங்கப்படும் சலுகை அன்று. உணவோடும் கல்வியோடும் சேர்த்தே எண்ணப்பட வேண்டிய உரிமை.

ஏன் இந்த ரசிகர்கள்?

செல்டிக் கழகத்தின் பிறப்பை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும். அயர்லாந்தின் பஞ்சத்துக்கும் வறுமைக்கும் தப்பிப் புலம்பெயர்ந்தோர் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் குவிந்திருந்தனர். மதத்தாலும் பிறப்பாலும் அவர்கள் இழிவாக நடத்தப்பட்டனர். அவர்களின் குழந்தைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டவே, வால்ஃப்ரிட் என்ற அயர்லாந்துத் துறவி 1887இல் இக்கழகத்தைத் தொடங்க முன்னின்றார். ஒதுக்கப்பட்ட ஒரு மக்கள் தமக்கென உருவாக்கிக்கொண்ட அமைப்பு, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் வேறொரு ஒதுக்கப்பட்ட மக்களில் தன் முகத்தை அடையாளம் கண்டுகொண்டது.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். கிரீன் பிரிகேட் உறுப்பினர்களில் சிலர் முன்பே பாலஸ்தீனத்தில் தன்னார்வலராகப் பணியாற்றியவர்கள். முகாமில் என்ன தேவை என்பதை அவர்கள் முகாமினரிடமிருந்தே கேட்டறிந்தனர். சிறார் அணியை நடத்துவதும் முகாமின் சொந்த அமைப்பே. கொடுப்பவர் தீர்மானிக்கப் பெறுபவர் கைகட்டி நிற்கும் முறை இங்கு இல்லை. நம் பகுதிகளில் நலத்திட்டம் என்ற பெயரில் நடப்பவற்றை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும்.

ஹம்பர்க்: உதவியும் விளம்பரமும்

இரண்டாவது எடுத்துக்காட்டு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம். லிபியாவில் உழைத்துவந்த ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் 2011ஆம் ஆண்டின் போரால் துரத்தப்பட்டு, இத்தாலியின் லம்பெடூசா தீவு வழியாக ஐரோப்பாவை அடைந்தனர். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் 2013இல் ஹம்பர்க் வந்து சேர்ந்தனர். இத்தாலி வழங்கிய ஆவணங்கள் அவர்களிடம் இருந்தன; ஆனால் ஜெர்மனியில் வேலை செய்யும் உரிமையை அவை தரவில்லை. சாங்க்ட் பவுலி பகுதியின் தேவாலயம் ஒரு பகுதியினருக்கு அடைக்கலம் தந்தது. அதே பகுதியின் கால்பந்துக் கழகமான எஃப்சி சாங்க்ட் பவுலியின் ரசிகர்கள், 2013 அக்டோபரில் ஓர் ஆட்டம் முடிந்த கையோடு ஆயிரக்கணக்கில் திரண்டு, அகதிகளுக்குத் தங்கும் உரிமை கோரிப் பேரணி சென்றனர். 1991இலேயே நாஜிச் சின்னங்களையும் இனவெறி முழக்கங்களையும் தம் மைதானத்தில் தடைசெய்ய வைத்த ரசிகர்கள் இவர்கள்.

இந்தச் சூழலில் பிறந்ததே எஃப்சி லம்பெடூசா ஹம்பர்க் என்ற அணி. வந்தவர்கள் எவரும், அவர்களிடம் எந்த ஆவணம் இருப்பினும் இல்லாவிடினும், அதில் ஆடலாம். பயிற்சியளித்தவர்கள் பெண்கள். 2016இல் இவ்வணி சாங்க்ட் பவுலி கழகத்தோடு இணைந்தது. நாளை நாடுகடத்தப்படலாம் என்ற அச்சத்தில் வாழும் இளைஞனுக்கு, வாரந்தோறும் அவன் வருகைக்காகக் காத்திருக்கும் ஓர் அணி எத்தகைய பற்றுக்கோடு என்பதை விளக்கத் தேவையில்லை. அவன் ஒருநாள் பயிற்சிக்கு வராவிடில் 'எங்கே போனான்?' என்று கேட்க ஆள் இருக்கிறது. சட்டப் போராட்டத்தின் முதல் தேவையும் அதுதான்.

2015இல் ஏராளமான அகதிகள் ஜெர்மனிக்கு வந்தபோது, பில்ட் என்ற பெரிய நாளேடு ஒரு திட்டத்தை முன்வைத்தது. முதல் இரண்டு நிலைகளின் 36 கழகங்களும் நாளேட்டின் பெயர் தாங்கிய 'உதவுகிறோம்' என்ற சின்னத்தைச் சீருடையில் அணிய வேண்டும். சாங்க்ட் பவுலி மறுத்தது. அகதிகளுக்காகத் தாம் ஏற்கெனவே களத்தில் பணியாற்றிவருவதாகக் கூறியது. நாளேட்டின் ஆசிரியர் அதைக் கடுமையாகச் சாடினார்; ஆனால் வேறு சில கழகங்களும் மறுப்பில் சேர்ந்துகொண்டன. அகதியின் துயரம் எவருடைய பெயரை ஒளிரச் செய்யப் பயன்படுகிறது என்ற கேள்வியை ரசிகர் சமூகம் எழுப்பியது. ஈகைக்கும் தோழமைக்கும் இடையிலான கோடு இங்கேதான் விழுகிறது.

பதிவேட்டில் இடமில்லாத ஆட்டக்காரர்

ரசிகர்களின் பணம் வாங்கித் தர இயலாத ஒன்று உண்டு: பதிவு. முறையான போட்டியில் ஆட, அந்நாட்டுக் கால்பந்துச் சங்கத்தில் ஆட்டக்காரர் பதிவுபெற வேண்டும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் இடமாற்ற விதிகளில் 19ஆம் பிரிவு, 18 வயது நிறையாதவர்களை நாடுவிட்டு நாடு மாற்றிப் பதிவதைத் தடுக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் சிறுவர்களை ஆசைகாட்டி அழைத்துவந்து, தேறாதவர்களை ஐரோப்பியத் தெருக்களில் கைவிட்ட முகவர்களுக்கும் கழகங்களுக்கும் எதிராக 2001இல் உருவான காப்பு விதி அது. அதை மீறியதற்காக 2014இல் பார்சலோனா கழகமே தண்டிக்கப்பட்டது.

காப்பதற்கென வகுத்த விதியே அகதிச் சிறுவனுக்குத் தடையாகவும் மாறியது. முக்கிய விதிவிலக்கு, கால்பந்தோடு தொடர்பற்ற காரணங்களுக்காகப் பெற்றோர் இடம்பெயர்ந்திருக்க வேண்டும் என்பது. பெற்றோரைப் போரில் இழந்தவனும், கடலில் பிரிந்து தனியே கரையேறியவனும் யாருடைய இடப்பெயர்வைச் சான்றாகக் காட்டுவான்? உயிருக்கோ சுதந்திரத்துக்கோ அஞ்சிப் பெற்றோரின்றித் தப்பிவந்த சிறாருக்குத் தனி விதிவிலக்கு பின்னர்தான் விதியில் எழுதப்பட்டது. இன்றும் பிறப்புச் சான்று, வசிப்புரிமைச் சான்று, காப்பாளர் ஒப்புதல் என ஆவணங்கள் தேவை. தப்பியோடுபவர் கையில் இல்லாதவையும் இவைதாம். ஆகவே, பந்து வாங்கித் தருவதோடு நில்லாமல், ஆவணங்களைத் திரட்டவும் விண்ணப்பம் எழுதவும் அலுவலகங்களுக்கு உடன்செல்லவும் ஆள் வேண்டும். சாதிச் சான்றிதழுக்காக அலைந்த ஒவ்வொரு மாணவருக்கும் இதன் பொருள் தெரியும்.

நடுநிலை யாருக்கு?

விளையாட்டு நிகழ்வுக்குப் பொருந்தாத அரசியல் செய்திகளுக்குத் தடை என்பதே செல்டிக்கைத் தண்டித்த விதியின் சாரம். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன்மீது படையெடுத்தபோது, யூஃபா சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை ரஷ்யாவிலிருந்து பாரிசுக்கு மாற்றியது. ஃபிஃபாவும் யூஃபாவும் ரஷ்ய அணிகளை இடைநீக்கம் செய்தன. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் அணித் தலைவர்கள் உக்ரைன் வண்ணப் பட்டையை அணிந்தனர். அது தவறு என்று நாம் கூறவில்லை. ஒரு மக்களின் துயரத்துக்குத் திறந்த கதவு மற்றொரு மக்களுக்கு ஏன் அபராதமாகிறது என்பதே கேள்வி. அரசியல் அற்றது என்று சொல்லிக்கொள்ளும் விதி, எந்த அரசியலைக் காணாமல் விடுவது என்று தேர்ந்தெடுக்கிறது.

ரசிகர் இயக்கத்தின் எல்லைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய மைதானங்களில் இனவெறிக் கூச்சல் எழுப்புவோரும் ரசிகர்களே. 2023இல் செல்டிக் நிர்வாகம், பல காரணங்களைச் சுட்டி, கிரீன் பிரிகேடைச் சிலகாலம் மைதானத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. சீருடையும் பந்தும் சுவரை இடிப்பதில்லை. நாடுகடத்தும் ஆணையை நீக்குவதுமில்லை. அவை செய்வது, அச்சிறாரைத் தனியே விடாமல் இருப்பது. அவர்களைப் பற்றிப் பேசும் குரல்களை அவர்கள் அறியாத நகரங்களிலும் பெருக்குவது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஆடுகளமும் குளமும் கோயில் வீதியும் பொதுவானவை அல்ல என்று மறுக்கப்பட்ட வரலாறு நம்முடையது. பல்வங்கர் பாலு, இந்நாட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர்களில் ஒருவர். புனாவில் சக ஆட்டக்காரர்கள் உள்ளே அமர்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் அருந்தியபோது, அவருக்கு வெளியே மண்குவளையில் தரப்பட்டது. அவரது பந்து வேண்டும், அவர் வேண்டாம். அண்ணல் அம்பேத்கர் 1927இல் மகத் குளத்தில் இறங்கியது தாகம் தீர்க்க மட்டுமன்று. பொது இடத்தில் சமமாக நிற்கும் உரிமையை நிலைநாட்ட.

கல்லூரிகளில் விளையாட்டுக் குழு நடத்தும் மாணவர்களும், சேரிப் பகுதிகளில் பயிற்சி மையம் தொடங்க முனையும் தோழர்களும் இவ்வனுபவங்களிலிருந்து மூன்று செய்திகளைப் பெறலாம். முதலாவது, தேவை எது என்பதை ஆடப்போகும் சிறாரும் அவர்களின் பெற்றோரும் சொல்லட்டும்; அமைப்பும் அவர்கள் கையில் இருக்கட்டும். இரண்டாவது, பந்தோடு ஆவணப் பணியையும் சேர்த்துத் திட்டமிடுவோம். ஒவ்வொரு குழுவிலும் விண்ணப்பங்களையும் சான்றிதழ்களையும் கவனிக்க ஒருவர் பொறுப்பேற்கட்டும். மூன்றாவது, தண்டனை வந்தால் அதைக் கண்டு ஒடுங்க வேண்டாம்; அதையே மக்களிடம் செல்வதற்கான காரணமாக்குவோம். கிளாஸ்கோ ரசிகர்களுக்கு 10,000 யூரோ அபராதத்தால் நேர்ந்தது அதுவே. அவர்களின் கொடியை இறக்கச் சொன்ன உத்தரவு, அய்தாவின் சிறார் பச்சை வெள்ளைச் சீருடையில் ஆட வழி திறந்தது.