நியூட் வளர்ப்போமா?



சென்ற ஆண்டு ஐப்பசியில், மழை விட்ட மறுநாள் காலை, ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றை இரு கைகளாலும் அணைத்தபடி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பாட்டிலில் கண்மாய்த் தண்ணீர். தண்ணீருக்குள் இருபது முப்பது தலைப்பிரட்டைகள். இவை தவளையாகும்போது வால் மறைந்துவிடும் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கையில் அவள் கேட்டாள்: "வால் மறையாமலே ஒன்று பெரிதாகிவிட்டால் அதற்கு என்ன பெயர், டீச்சர்?"

நல்ல கேள்வி. வளர்ந்த பின்னும் வாலோடு இருக்கும் உறவினர் ஒருவர் தவளைக்கு உண்டு. பெயர் நியூட். பார்வைக்குப் பல்லி போலவே இருக்கும். ஆனால் பல்லிக்கு உள்ள செதிலும் நகமும் இதற்கு இல்லை. ஈரத்தோல் கொண்ட இருவாழ்வி இது. நம் ஊர்ப் பேச்சில் இதற்குப் பெயர் கிடையாது. சேத்தூருக்கு மேற்கே நிற்கும் மலையில் வகைவகையான தவளைகள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் மண்ணுக்குள் வாழும் காலற்ற இருவாழ்விகளும் உண்டு. நியூட் மட்டும் இல்லை.

மேலைநாடுகளில் இதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பலர். வளர்ப்பதைவிடக் குஞ்சு பொரிக்க வைப்பதே கடினம். தொட்டியில் தண்ணீரும் வேண்டும், ஏறி இருக்கப் பாசி படர்ந்த கல்லும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்ச்சி வேண்டும். பெரும்பாலான இனங்களுக்குத் தண்ணீர் 20 டிகிரி செல்சியசுக்குள் இருப்பதே நல்லது. குளிர்நாட்டு இனங்கள் பல, சில வாரங்கள் நன்றாகக் குளிரில் கிடந்து, பிறகு மெல்லச் சூடு ஏறினால்தான் முட்டையிடும். எப்போதும் ஒரே மாதிரி வைத்திருந்தால், தின்றுகொண்டு சும்மா இருக்கும்!

முட்டையிடும் அழகைச் சொல்லாமல் விட மனமில்லை. ஐரோப்பிய நியூட் தவளையைப்போல் மொத்தமாக இட்டுவிட்டுப் போகாது. நீர்ச்செடியின் இலை ஒன்றைப் பின்னங்கால்களால் பிடித்து, ஒரு முட்டையை வைத்து, இலையை மடித்துவிடும். பாட்டிமார் வெற்றிலை மடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படியே நூற்றுக்கணக்கான முட்டைகள். இத்தனை பாடுபட்ட தாயே பிறகு அந்த முட்டைகளைத் தின்றுவிடுவதும் உண்டு! ஆகவே வளர்ப்போர் முட்டைகளை உடனே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவர்.

இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். கழுத்தின் இருபுறமும் இறகு போன்ற செவுள்கள் விரிந்திருக்கும். தலைப்பிரட்டை பாசியைச் சுரண்டித் தின்னும்; நியூட் குஞ்சோ அசைவதைத்தான் தின்னும். நீர்த்தெள்ளு, கொசுப்புழு என்று உயிருள்ள தீனி நாள்தோறும் தேடவேண்டும். பசித்தால் ஒன்றின் காலை மற்றொன்று கடித்துவிடும். கடிபட்ட கால் எலும்போடு திரும்ப முளைக்கும் என்பதுதான் விந்தை. இதை ஆராய்ந்து 1768-ல் வெளியிட்டவர் இத்தாலி நாட்டுக் குருவானவர் லாசரோ ஸ்பல்லான்சானி.

இன்னொரு வேறுபாட்டை நீங்களே பார்த்து அறியலாம். தவளைக் குஞ்சுக்கு முதலில் வெளியே தெரிவது பின்னங்கால். நியூட் குஞ்சுக்கு முன்னங்கால்.

சரி, சேத்தூரில் வளர்க்கலாமா? சித்திரை வெயிலை நினைத்துப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும். சித்திரை எதற்கு? அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை நான் சன்னல் ஓரம் வைத்தேன். நண்பகல் வெயில் நேராக விழும் இடம் என்பதை மறந்துவிட்டேன். மாலையில் பார்த்தபோது ஒன்றுகூட உயிரோடில்லை. மறுநாள் அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்த ஊர்த் தலைப்பிரட்டைக்கே இந்தக் கதி.

நம் நாட்டிலும் நியூட் உண்டு, இமயமலையில். டார்ஜிலிங் பக்கத்துக் குளங்களில் வாழும் அதை இமாலய சாலமாண்டர் என்பர். கரும்பழுப்பு நிறம், முதுகின் இருபுறமும் வரிசையாகக் குமிழ்கள். மழைக்காலத்தில் குளத்தில் முட்டையிட்டு, குளிர்காலத்தைக் கல்லுக்கும் மண்ணுக்கும் அடியில் கழிக்கும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பது குற்றம். குளங்கள் குறைந்துவருவதால், 1958-ல் தொடங்கிய டார்ஜிலிங் விலங்கியல் பூங்காவில், பனிச்சிறுத்தையோடும் சிவப்புப் பாண்டாவோடும் இதையும் இனப்பெருக்கம் செய்ய முயல்கிறார்கள். சுகியாபோக்ரிக்கு அருகே ஜோர்போக்ரி என்னும் இடத்தில் 1985-ல் இதற்கென்றே ஒரு சிறு சரணாலயமும் அமைத்தனர்.

பூங்காவில் வளர்த்தால் போதாதா, குளத்தை வேறு ஏன் காக்கவேண்டும் என்று கேட்பீர்கள். மெக்சிகோ நாட்டு ஆக்சலாட்டலின் கதையைக் கேளுங்கள். அதுவும் சாலமாண்டர் இனமே. சாகும்வரை செவுளோடு தண்ணீரிலேயே இருப்பது. 1864-ல் 34 ஆக்சலாட்டல்கள் பாரிசுக்குக் கப்பலில் வந்தன. அவற்றின் சந்ததி இன்று உலகெங்கும் தொட்டிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் பெருகிக் கிடக்கிறது. ஆனால் அதன் தாய்வீடான சோச்சிமில்கோ வாய்க்கால்களில், 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்டது, 2014-ல் வெறும் 36! தொட்டிகளில் அது பெருகப் பெருக, வாய்க்காலில் தண்ணீர் கெட்டுக்கொண்டே வந்தது.

வாங்கி விற்கும் வழக்கத்தால் வேறொரு தீங்கும் நேர்ந்தது. ஆசிய நியூட்டுகளோடு போன ஒரு பூஞ்சைநோய், நெதர்லாந்து நாட்டுக் காடுகளில் இருந்த சாலமாண்டர்களை ஏறக்குறைய அழித்தே விட்டது. அந்தப் பூஞ்சையை 2013-ல்தான் கண்டுபிடித்தார்கள். தொட்டியில் வளர்த்த எதையும், தொட்டித் தண்ணீரையும்கூட, வெளி நீர்நிலையில் கொட்டலாகாது என்று அறிஞர்கள் எச்சரிப்பது இதனால்தான்.

இந்த ஆண்டு மழைக்கு அவள் மறுபடியும் வந்தாள். இம்முறை பாட்டில் வேண்டாம் என்றேன். வேப்பமரத்து நிழலில் அகன்ற மண்தொட்டி வைத்து, கண்மாய்த் தண்ணீரே ஊற்றி, பத்துக் குஞ்சுகள் மட்டும் விட்டோம். தீனிக்கு வேகவைத்த கீரை. முதலில் பின்னங்கால்தான் வந்தது. தேதி போட்டு நோட்டில் எழுதியிருக்கிறாள். வால் சுருங்கிய ஒன்பதையும், எடுத்த அதே கண்மாய்க் கரையில் விட்டுவந்தோம். ஒன்று மட்டும் இன்னும் வாலோடு தொட்டியில் நீந்துகிறது. தினமும் அதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறாள்.