பழைய பந்தயச் சைக்கிளின் மெய்ம்மை

பழம்பொருளுக்கு விலை ஏறுந்தோறும் போலிகள் பெருகுதல் உலகியற்கை. நாணயங்கட்கு நேர்ந்த இக்கதி, வட்டமான பந்தயக் களங்களில் ஓடிய பழைய சைக்கிள்களுக்கும் நேர்ந்துள்ளது. அவற்றின் மெய்ம்மையை ஆராயும் நெறிகளை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் நோக்கற்பாலது சட்டமாம். சக்கரமும் கைப்பிடியும் மாற்றத்தக்கன. சட்டமே வண்டியின் உடல். களச் சைக்கிளுக்குப் பிரேக்கும் இல்லை, பிரீவீலும் இல்லை. சக்கரம் சுழலுங்கால் பெடலும் உடன் சுழலும். பின்சக்கரத்தை இழுத்துச் செயினை இறுக்க வேண்டுமாதலின், அச்சு அமரும் பிளவு பின்னோக்கித் திறந்திருக்கும். நாம் நாடோறும் காணும் கறுப்புச் சைக்கிளிலும் இவ்வாறே உளதாகலின், இஃதொன்றே சான்றாகாது. சாலைப் பந்தய வண்டியின் பிளவை அறுத்தெறிந்து, வேறு பிளவைப் பற்றவைத்து விற்போரும் உளர். அவர் மறைக்கவியலாதது ஒன்றுண்டு. களத்தில் ஓட்டுவோன் சரிந்த வளைவிலும் பெடலை நிறுத்தவியலான். அது தரையில் இடியாதிருக்கக் கிராங்கின் அச்சைச் சற்று உயர்த்தியே அமைப்பர். சாலை வண்டியில் அது தாழ்ந்திருக்கும்.

அடுத்து, பின்சக்கரத்தின் ஹப். அதில் இரு மரைகள் உள. பற்சக்கரம் வலமரையிலும், அதனைப் பூட்டும் வளையம் இடமரையிலும் ஏறும். வேகத்தைக் குறைக்கப் பெடலை எதிர்த்து மிதிக்குங்கால் பற்சக்கரம் கழலப் பார்க்கும். அவ்வசைவே வளையத்தை இறுக்கிவிடும். இவ்விரண்டாம் மரை இல்லாத ஹப், களத்திற்கெனச் செய்யப்பட்டதன்று.

மூன்றாவது, காலப் பொருத்தம். ரெனால்ட்ஸ் 531 என்னும் குழாய் 1935இல் வெளிவந்தது. அச்சீட்டு 1930ஆம் ஆண்டு வண்டியில் இருப்பின் அது பின்னர் ஒட்டியதே. கம்பக்னோலோ தொழிலகம் 1933இல் தோன்றியது. ஜப்பானியக் கெய்ரின் பந்தயம் 1948இல் தொடங்கியதாயினும், என்.ஜே.எஸ். முத்திரைக்குரிய கழகம் 1957இல் அமைந்ததே. சீட்டை எவரும் அச்சிடலாம். மரையை மாற்றுதல் எளிதன்று. கிராங்கு அச்சுக்கூட்டின் மரை இத்தாலிய முறையில் 36 மில்லிமீட்டர், இருபுறமும் வலமரை. ஆங்கில முறையிலோ வலப்பக்கம் இடமரை. இத்தாலியப் பெயர் தாங்கிய சட்டத்தில் ஆங்கில மரை காணின் ஐயுறுக. ஆயினும் ஏற்றுமதிக்காக அவ்வாறு செய்தலும் உண்டாதலின், ஒரு சான்று கொண்டே தீர்ப்பளித்தல் தகாது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பிரேக்குக்கான துளை இருப்பின் அது போலியெனக் கொள்ளற்க. 1930க்கும் 1950க்கும் இடையே இங்கிலாந்தில் பலர் தம் வண்டியிலேயே களத்திற்குச் சென்று, அங்குப் பிரேக்கைக் கழற்றிவிட்டுப் போட்டியிட்டனர். அதற்கெனவே சிலர் துளையிட்டுச் செய்தனர். இதனை அறியாது துளையை அடைத்து, பழைய வர்ணத்தைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசுவோர், தாம் காக்க எண்ணிய சான்றைத் தாமே அழிக்கின்றனர். அழிந்த வர்ணம் மீளாது.

புதுப்பித்தல் குற்றமன்று, புதுப்பித்ததை மறைத்தலே குற்றம். மாற்றிய உறுப்புகளை எழுதிவைத்து வண்டியோடு ஒப்படைப்பவனே, பின்வருவோர்க்கு மெய்ம்மையை விட்டுச் செல்பவனாவான்.