லண்டனிலிருந்து பாரிஸ் எவ்வளவு தூரம்?

லண்டனில் வாழும் மகளைப் பார்க்கப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "பாரிஸ் பக்கத்தில்தானே, ஒரு மணித்தியாலப் பிரயாணம். தம்பியின் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வரலாம்" என்று மனம் சொல்லும். புறப்பட முன்னர் கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா?

இரு நகரங்களுக்குமிடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 344 கிலோமீற்றர். 1919 ஓகஸ்ட் 25ஆம் திகதி இங்கே தினசரி விமான சேவை ஆரம்பமானபோது, அந்தச் சிறு விமானம் பாரிஸை அடைய ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் பிடித்தது. இன்று விமானம் புறப்பட்டு, போய்ச் சேர்ந்து நிற்பதற்கு ஒன்றேகால் மணித்தியாலமளவே ஆகும்.

ஆனால் ஹீத்ரோ விமான நிலையம் லண்டன் நகரின் மத்தியிலிருந்து ஏறக்குறைய 24 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறது. பாரிஸின் சார்ள்ஸ் டி கோல் நிலையமும் அவ்வாறே நகருக்கு வெளியே. போக்குவரத்து, சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பு எல்லாம் சேர்ந்தால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு நான்கைந்து மணித்தியாலம் கழிந்துவிடும்.

இன்னொரு வழி புகையிரதம். ஆங்கிலக் கால்வாயின் அடியில் 50 கிலோமீற்றர் நீளமான சுரங்கப்பாதை 1994 மே 6ஆம் திகதி திறந்து வைக்கப்பட்டது. அதில் 38 கிலோமீற்றர் கடலுக்கு அடியில் செல்கிறது. அவ்வருடம் நவம்பரில் யூரோஸ்டார் ஓடத் தொடங்கியபோது பிரயாணம் மூன்று மணித்தியாலம். 2007இல் இங்கிலாந்துப் பக்கத்து அதிவேகப் பாதை முழுமையடைந்த பின் அது இரண்டேகால் மணித்தியாலமளவாகக் குறைந்தது. நகரின் நடுவில் ஏறி, நகரின் நடுவிலேயே இறங்கலாம். பறப்பது வேகம்தான், ஆனால் போய்ச் சேர்வதில் புகையிரதம் பின்தங்குவதில்லை.

டிக்கட்டிலுள்ள நேரத்தைப் பார்த்தும் குழம்பிவிடாதீர்கள். பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணித்தியாலம் முன்னால் ஓடுகிறது. காலை 10.00 மணிக்குப் புறப்படும் விமானம் 12.15க்குச் சேரும் என்றிருக்கும். திரும்பும்போதோ 10.00 மணிக்குப் புறப்பட்டு 10.15க்கே வந்துவிடுவது போலத் தோன்றும்! இரண்டுமே ஒன்றேகால் மணித்தியாலம்தான். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படியே அச்சிடப்படுகின்றன.

எல்லாவற்றிலும் முக்கியமானது வீசா. இலங்கைக் கடவுச்சீட்டில் பிரித்தானிய வீசா இருந்தாலும் அதைக் கொண்டு பிரான்சுக்குள் நுழைய முடியாது. அதற்கு ஷெங்கன் வீசா தனியாக எடுக்க வேண்டும். புகையிரதத்தில் போவோருக்கும் இதே விதிதான். ஏறுவதற்கு முன்பே லண்டன் நிலையத்தில் பிரெஞ்சு அதிகாரிகள் கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். இதை அறியாமல் டிக்கட் வாங்கினால் பணமும் நட்டம், மனமும் வேதனை.

ஆகவே சகோதரியே, தம்பியின் பிள்ளைகளுக்குப் பலகாரம் கட்டுவதற்கு முன்னர் வீசாவுக்கு விண்ணப்பியுங்கள். அந்த முத்திரை கையில் இருந்தால்தான் பாரிஸ் பக்கம்; இல்லையேல் ஒரு மணித்தியாலத் தூரமும் எட்டாத் தூரமே!