பசியைக் கிளப்பும் கிரெலின்

விரதம் இருந்து பழகியவர்களுக்கு இது தெரியும். மதியச் சாப்பாட்டு வேளையில் வயிற்றைக் கிள்ளும் பசி, ஒன்றும் சாப்பிடாமலே இரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். பட்டினி இருந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. வழக்கமான சாப்பாட்டு வேளைகளில் கிரெலின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் தானாகவே இறங்குகிறது.

கிரெலினைக் கண்டுபிடித்தவர்கள் பசியைத் தேடிப் போனவர்கள் அல்ல. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைக்கும் ஓர் ஏற்பி மூளையிலும் பிட்யூட்டரி சுரப்பியிலும் இருப்பது 1996-இல் தெரியவந்தது. அதில் போய்ப் பொருந்தும் இயற்கைப் பொருள் எது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1999-இல் ஜப்பானின் மசயாசு கொஜிமா, கென்ஜி கங்காவா குழுவினர் அதை எலியின் இரைப்பையில் கண்டெடுத்தார்கள். செரிமானத்துக்கான பை என்று கருதப்பட்ட உறுப்பு, மூளைக்கே சேதி அனுப்புகிறது!

கிரெலின் 28 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. அதன் மூன்றாவது கண்ணியில் எட்டு கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு அமிலம் ஒட்டியிருக்க வேண்டும். தேங்காய் எண்ணெயிலும் உள்ள அதே அமிலம்தான். அது இல்லாவிட்டால் ஏற்பி இந்த ஹார்மோனைக் கண்டுகொள்வதே இல்லை. அதை ஒட்டவைக்கும் நொதி 2008-இல் அடையாளம் காணப்பட்டது.

அந்த நொதி இல்லாத எலிகளை ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். தீனி தாராளமாகக் கிடைத்தவரை அவற்றுக்கும் சாதாரண எலிகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பிறகு இரு வகைக்கும் வழக்கமான தீனியில் 40 சதவீதம் மட்டுமே கொடுத்தார்கள். உடம்புக் கொழுப்பு இரண்டிலும் ஒரேபோலக் கரைந்தது. சாதாரண எலிகள் ரத்தச் சர்க்கரையை ஓரளவு பிடித்து நிறுத்தின. நொதி இல்லாத எலிகளுக்கோ ஏழாம் நாளுக்குள் சர்க்கரை அதலபாதாளத்துக்குச் சரிந்து, சாவின் விளிம்புக்கு வந்துவிட்டன. கிரெலினையோ வளர்ச்சி ஹார்மோனையோ செலுத்தியதும் சர்க்கரை நிலைபெற்றது. 'பசி ஹார்மோன்' என்ற பட்டம் இதற்குப் போதாது. பஞ்ச காலத்தில் உயிரைக் காப்பதுதான் இதன் தலையாய வேலை என்று சொல்லத் தோன்றுகிறது.

பசியைத் தூண்டும் வேலையிலும் அது சளைத்ததல்ல. ஆரோக்கியமானவர்களுக்கு ஊசிவழி செலுத்திப் பார்த்த ஆய்வில், அவர்கள் வழக்கத்தைவிட 28 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள்.

உடல் எடையைக் குறைப்பவர்கள் திணறுவது இங்கேதான். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவுக் கட்டுப்பாட்டால் 17 சதவீத எடையைக் குறைத்தவர்களின் ரத்தத்தில் கிரெலின் 24 சதவீதம் கூடியிருந்தது. மெலிவதைப் பஞ்சம் என்றே உடம்பு எடுத்துக்கொள்கிறது. குறைத்த எடை மறுபடி ஏறினால் 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று ஒருவரைக் குறை சொல்வது அநியாயம்.

புற்றுநோயாளிகள் சிலருக்கு நேர் எதிரான துயரம். பசியே எடுக்காமல், தசை கரைந்து உருக்குலைந்து போவார்கள். கிரெலினின் ஏற்பியைத் தூண்டும் அனமோரலின் என்ற மாத்திரையை இவர்களுக்காக 2021-இல் ஜப்பான் அனுமதித்தது.