நாகஸ்வர வித்துவான்களுள் தலைசிறந்தவர் யாவர்?

இசைக்கருவி யாதாயினும், அதனை வாசிப்போருள் முதல்வர் யாவர் என்னும் வாதம் மக்களிடையே ஓய்ந்தபாடில்லை. மேனாட்டார் ராக் இசையிற் கிதார் வாசிப்போரை வரிசைப்படுத்துங்கால், 1970-ஆம் ஆண்டில் 27 வயதிலேயே மறைந்த ஜிமி ஹென்றிக்ஸ் என்பாரைப் பலரும் முதற்கண் வைப்பர். நம் தாமிரபரணிக் கரையிலோ இவ்வாதம் நாகஸ்வரத்தைப் பற்றியே எழுகின்றது. பத்தமடையினராகிய நாம் அக்கருவியைப் பொழுதுபோக்காகப் பயில்வோமேயன்றி வித்துவான் அல்லோம். ஆயினும், ஊதி இளைத்தவர்க்கே அதன் அருமை விளங்குமாதலின், நம் கருத்தை ஈண்டு உரைக்கத் துணிந்தோம்.

நாகஸ்வரம் பெரும்பாலும் ஆச்சா மரத்தாற் செய்யப்படுவது. மேலே சீவாளியும் கீழே அணசும் பொருந்திய இக்குழலில், விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7. வீணைக்குள்ள மெட்டுக்களோ, ஆர்மோனியத்துக்குள்ள கட்டைகளோ இதற்கு இல்லை. துளையை முழுதும் பாதியுமாக மூடியும், சீவாளியை உதட்டால் இறுக்கியும் நெகிழ்த்தும், மூச்சினை மிகுத்தும் குறைத்துமே ஸ்வரங்களையும் கமகங்களையும் பிறப்பித்தல் வேண்டும். மூச்சுத் தளரின் சுருதி வழுவும். ஆதலின் உரக்க ஊதுதல் எளிது. மெல்ல ஊதிச் சுருதியில் நிற்றல் அரிது. விரைந்து உருளும் பிருகாக்களைக் கேட்டு வியப்பார் பலர். நாமோ, ஒரே ஸ்வரத்தில் நெடிது நின்று, கேட்போர் உள்ளத்தையும் அங்கே நிறுத்த வல்லவரையே பெரியர் என்போம்.

இவ்வளவுகோலால் அளக்குங்கால், முதலில் நம் நினைவிற்கு வருபவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). தோடி ராகம் என்றவுடன் அவர் பெயரைச் சொல்லாதார் இலர். குறுகிய உருவும் உச்ச சுருதியும் உடைய திமிரிக்கு மாறாக, நீண்டு தாழ்ந்து ஒலிக்கும் பாரி நாகஸ்வரம் பரவுதற்குக் காரணராயிருந்தவரும் அவரே. கிருதிகளை வழுவின்றி வாசிப்பதிலும், இருவர் ஊதுவதை ஒருவர் ஊதுவதெனத் தோற்றுவிப்பதிலும் திருவீழிமிழலைச் சகோதரர்கள் இணையற்றவர்கள். ஆந்திர நாட்டிற் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா (1924–1999), கலைக்குச் சமய வேலி இல்லை என்பதைத் தம் வாழ்வாற் காட்டியவர். 1998-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றவர்.

இனி, நம் அயலூரார் ஒருவரைக் கூறுவோம். பத்தமடைக்கு மேற்கே சேரன்மாதேவியைக் கடந்தால் வருவது காருகுறிச்சி. அங்குப் பிறந்த அருணாசலம் (1921–1964) ராஜரத்தினம் பிள்ளையின் மாணாக்கர். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' என்னும் படத்தில், எஸ். ஜானகியின் குரலோடு ஆபேரி ராகத்தில் ஒலிக்கும் அவர் நாகஸ்வரம், இசையறியாதாரையும் வசப்படுத்தியது. அவர் குருவின் நிழலே என்றும், புகழ் சினிமாவால் வந்ததென்றும் சிலர் குறை கூறுவர். குருவிடம் மலையருவியின் வீறு உண்டெனின், மாணாக்கரிடம் நம் ஆற்றின் மணற்படுகையில் ஓடும் தெளிநீரின் குளிர்ச்சி உண்டு. நிழலுக்கு இத்தகைய தனித்தன்மை வாய்ப்பதில்லை. சினிமாவோ அக்குளிர்ச்சியைப் பலர் காதுக்குக் கொண்டு சேர்த்த வாய்க்காலே, ஊற்று அன்று.

நம் ஊர்ப் பாயை எண்ணிப் பார்மின். கோரையை ஊறவைத்து நுண்ணிதாகப் பிளந்து நெய்த உயர்ந்த பாய், துணிபோல் மடியும். நெய்தவர் பட்ட பாடு அதிற் சிறிதும் தோன்றாது. அருணாசலத்தின் வாசிப்பும் அத்தகையதே. மூச்சின் உழைப்பு மறைந்து பாட்டு மட்டுமே நிற்கும். புதுவழி வகுத்தமையால் ராஜரத்தினம் பிள்ளையே முதல்வர் என்பது நம் முடிபு. ஊர்ப்பற்றுப் பற்றி அதனை மாற்றுதல் நடுநிலையாகாது. ஆயினும், நாள்தோறும் கேட்டற்கு ஒருவரைத் தேர்க எனின், காருகுறிச்சியாரையே தேர்வோம்.

இக்காலத்து மணவீடுகளில் நாகஸ்வரம் ஒலிக்கும்போது அமர்ந்து கேட்போர் அருகினர். முகூர்த்தத்திற்கு ஓர் ஓசை வேண்டுமென்றே அதனை அழைக்கின்றனர். கேட்பாரின்றி எந்தக் கலையும் வளராது. மாணவ நண்பர்காள்! மேற்கூறியோரின் இசைத்தட்டுப் பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றைக் கேட்டு நம் வரிசையை மறுப்பீராயின், அதுவே நமக்கு மகிழ்ச்சி. அடுத்த திருமணத்தில் உணவுப் பந்திக்கு விரையுமுன், நாயனக்காரர் எதிரே கால்மணி நேரமேனும் அமர்வீராக.