அக்ரிலிக்கில் சிக்கிய அரை டாலர்

1960களின் அமெரிக்காவில் நாணயங்களை அக்ரிலிக்கில் பதித்து வைக்கும் மோகம் ஒன்று இருந்தது. பேப்பர்வெயிட், சாவிக்கொத்து என்று தொடங்கி, கழிவறை இருக்கை வரைக்கும் போனார்கள். கண்ணாடிபோன்ற இருக்கைக்குள் சென்ட்டும் கால் டாலரும் மிதந்துகொண்டிருக்கும். பணத்தின் மேல் உட்கார்வதில் அப்படி என்ன சுகமோ!

அந்த அக்ரிலிக் கட்டிகளுக்கு இன்று மவுசு கூடியதற்குக் காரணம் வெள்ளி. 1964 வரை அச்சிட்ட டைம் (பத்து சென்ட்), கால் டாலர், அரை டாலர் ஆகியவற்றில் 90 சதவீதம் வெள்ளி, 12.5 கிராம் எடையுள்ள அரை டாலரில் 11.25 கிராம். 1965இல் வந்த நாணயச் சட்டம் டைமிலிருந்தும் கால் டாலரிலிருந்தும் வெள்ளியை அடியோடு நீக்கியது. அரை டாலரில் 40 சதவீதமாகக் குறைத்தது. தாத்தாவின் மேஜையில் கிடந்த கட்டிக்குள் 1964 என்ற எண் தெரிந்தால், அதை வெளியே எடுக்கக் கை பரபரக்கத்தானே செய்யும்?

பார்த்தால் நாணயம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். பெரும்பாலும் அப்படியில்லை. அக்ரிலிக்கின் மூலப்பொருளான மெத்தில் மெதக்ரிலேட் தண்ணீர்போல ஓடும் திரவம். இறுகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 21 சதவீதம் சுருங்கிவிடும். சுருக்கத்தைக் குறைக்கத்தான் பாதி இறுகிய பாகாக அதை வார்க்கிறார்கள். எழுத்துகளின் இடுக்கெல்லாம் புகுந்து இறுகினாலும், உலோகத்தோடு அதற்கு வேதிப் பிணைப்பு கிடையாது. கட்டியைக் கையில் எடுத்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நாணயத்தின் ஏதோ ஓர் ஓரம் திடீரென்று ஆடியாகப் பளபளக்கும். அது வெள்ளியின் ஜொலிப்பு அல்ல. பிளாஸ்டிக் அந்த இடத்தில் உலோகத்தை விட்டு விலகி, நடுவே மெல்லிய காற்றுப்படலம் நிற்கிறது. அக்ரிலிக்குக்குள்ளிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்வாக வரும் ஒளி, அந்தப் படலத்தைத் தாண்ட முடியாமல் முழுதாகத் திரும்பிவிடுகிறது.

அப்படியானால் உடைத்துவிடலாமே? ஃப்ரீசரில் வைத்து எடுத்துத் தட்டுவது பலரும் செய்யும் வித்தை. குளிரும்போது வெள்ளி சுருங்குவதைவிட மூன்று, நான்கு மடங்கு அதிகமாக அக்ரிலிக் சுருங்கும். நாணயத்தின் விளிம்பைச் சுற்றி இறுக்கம் ஏறி, சில சமயம் விரிசலும் விடும். ஆனால் விரிசல் நம் பேச்சைக் கேட்காது. உளி கடைசியில் நாணயத்தின் முகத்தில்தான் விழும். சூடாக்குவது அதைவிட மோசம். 105 டிகிரி செல்சியஸ் வாக்கில் கட்டி ரப்பராக நெகிழுமே தவிர உருகி ஓடாது. 300 டிகிரியைத் தாண்டினால் பழையபடி மெத்தில் மெதக்ரிலேட்டாகவே பிரிந்து ஆவியாகும். மறுசுழற்சி ஆலைக்கு அது வரம். சமையலறைக்கு எரியக்கூடிய நச்சுப்புகை.

மிஞ்சுவது அசிட்டோன். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் கட்டியை மூழ்கவைத்தால் முதலில் ஒன்றுமே நடக்காது. பிறகு விளிம்புகள் மழுங்கும். நூலிழை விரிசல்கள் ஓடும். தொட்டால் வழுக்கும் கூழ் ஒன்று மேலே படியும். அக்ரிலிக்கின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு நீண்ட சங்கிலி. வார்ப்பு அக்ரிலிக்கில் அதன் கண்ணிகள் பத்தாயிரத்தைத் தொடுவதும் உண்டு. பின்னிப் பிணைந்து கிடக்கும் இவற்றுக்கிடையே அசிட்டோன் புகுந்து இடம் உண்டாக்க, கட்டி ஊதிக் கூழாகிறது. அதன்பின் ஒவ்வொரு சங்கிலியும் தன் நீளவாக்கிலேயே, பாம்பு ஊர்வதுபோல, நெளிந்து வெளியேற வேண்டும். இந்த ஊர்தலுக்கு 1971இல் கணக்கு எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜீல் டி ஜென். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கட்டி கரைய நாள்கணக்கில் ஆவது இதனால்தான்.

வெள்ளியை அசிட்டோன் தொடுவதில்லை. கடைசியாக ஒருமுறை புது அசிட்டோனில் அலசாவிட்டால் மட்டும், கரைந்த பிளாஸ்டிக் மெல்லிய தோலாக நாணயத்தின் மேலேயே காய்ந்துவிடும். துணியால் தேய்க்கவும் கூடாது. கீறல் விழுந்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். அதோடு, தண்ணீரின் உறைநிலைக்குக் கீழேகூட அசிட்டோன் ஆவி தீப்பற்றும். காற்றைவிடக் கனமானதால் தரையோடு படர்ந்து தூரத்து அடுப்பையும் எட்டும்.

இத்தனையும் கட்டி அக்ரிலிக்காக இருந்தால்தான். எபாக்ஸி என்ற பிசினாக இருந்தால் கதை வேறு. அதில் சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் பூட்டிக்கொண்டு ஒரே வலையாகிவிடுகின்றன. தனியாக ஊர்ந்து வர அங்கே எதுவும் இல்லை. மறைவான மூலையில் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அக்ரிலிக்காக இருக்கலாம். அசையாமல் இருந்தால் எபாக்ஸி என்று சந்தேகிக்கலாம். எபாக்ஸியை ஊதவைத்து உதிர்க்க டைகுளோரோமீத்தேன் உண்டு. ஆனால் அது உடலுக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். வீட்டு உபயோக பெயின்ட் நீக்கிகளில் அதைச் சேர்த்து விற்க அமெரிக்கா 2019இல் தடை விதித்தது. ஒரு நாணயத்துக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

எளிதில் கரையும் இதே குணத்துக்காகவே அருங்காட்சியகங்கள் அக்ரிலிக்கைத் தேடிப் போகின்றன. பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை அசிட்டோனில் கரைத்து உடைந்த பானைகளை ஒட்டுகிறார்கள். உலோகப் பொருள்களுக்குப் பூச்சாகவும் இடுகிறார்கள். அரும்பொருளின் மீது பதிவெண் எழுதுமுன் அடியில் ஒரு பூச்சு. எண் மாறினால், அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு வேறு எழுதலாம்.