ஒட்டவைத்த விரலுக்கு உரிய பயிற்சிகள்

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் கறவை மாடு வைத்திருக்கும் விவசாயிகள் பலர் மின்சாரத்தில் ஓடும் தட்டு வெட்டும் இயந்திரத்தைப் பயன்படுத்தி வருகின்றனர். சோளத்தட்டையும் கம்பு நேப்பியர் புல்லையும் நறுக்கிப் போட்டால் தீவனம் வீணாவதில்லை. ஆனால், சிக்கிக்கொண்ட தட்டை மோட்டாரை நிறுத்தாமல் கையால் தள்ளும்போது விரல்கள் துண்டாகிவிடும் ஆபத்து உண்டு.

துண்டான விரலை மீண்டும் பொருத்தும் அறுவை சிகிச்சையை 1965-ல் ஜப்பானின் நாரா மாகாணத்தில் கொமாட்சு, தமாய் என்னும் மருத்துவர்கள் வெற்றிகரமாகச் செய்தனர். கோவை கங்கா மருத்துவமனையில் 1991-ல் இதற்கான தனித்துறை தொடங்கப்பட்டது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கை அறுவைக்குத் தனித்துறை உண்டு. துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து உடனே கொண்டு செல்ல வேண்டும். விரல் நேராகப் பனிக்கட்டியில் படக்கூடாது. காயத்தில் மஞ்சள் தூள், மண்ணெண்ணெய் எதுவும் இடக்கூடாது.

விரல் சிவந்து உயிர் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுவது தவறு. பாதி வேலை அதன் பின்னரே இருக்கிறது. அக்காலத்துக் கவலை ஏற்றத்தில் வடக்கயிறு உருளையின் மேல் ஓடியது போல, விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் வழுக்கி ஓடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தில் எலும்பு, தசைநாண், தோல் யாவும் ஒரே சமயத்தில் ஆறுவதால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அசைக்காமல் வைத்திருந்தால் விரல் கட்டைபோல் விறைத்துவிடும். அவசரப்பட்டு வலிந்து மடக்கினால் தையல் அறுந்துவிடும். எனவே, எந்தப் பயிற்சியையும் அறுவை செய்த மருத்துவரும் பிசியோதெரபி நிபுணரும் சொன்ன நாளில்தான் தொடங்க வேண்டும்.

முதல் சில நாட்கள் கையை அசைக்காமல் நெஞ்சு மட்டத்திற்கு மேல் உயர்த்தி வைப்பார்கள். பீடி, சிகரெட், புகையிலை அறவே கூடாது. நிகோடின் இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். பார்க்க வரும் உறவினர் அருகில் நின்று புகைப்பதும் கெடுதலே. பிறகு மணிக்கட்டுப் பயிற்சி வரும். மணிக்கட்டை மெல்ல உள்ளங்கைப் பக்கம் மடக்கினால் விரல்கள் தாமாக நிமிரும். மணிக்கட்டை நேராக்கினால் விரல்கள் தாமாகச் சற்று மடங்கும். நல்ல கையைத் தளர விட்டுச் செய்து பார்த்தால் இது விளங்கும். இதனால் அதிகப் பாரம் ஏறாமலேயே தசைநாண் சிறிது ஓடி வருகிறது. தோள், முழங்கை, அடிபடாத விரல்கள் ஆகியவற்றையும் அன்றாடம் அசைத்து வருவது அவசியம். இதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர்.

எலும்பைப் பிடித்திருக்கும் கம்பிகளை ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் எடுப்பார்கள். கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரை சாணம் அள்ளுவதும் தொழுவத்தில் கை வைப்பதும் கூடாது. சீழ் பிடித்தால் எல்லாம் வீணாகும். பின்னர் விரல்களைக் கொக்கிபோல் வளைத்தல், பலகைபோல் அடிக்கணுவில் மட்டும் மடக்குதல், முழுதும் மூடுதல் என மூன்று விதமாகப் பழக வேண்டும். நாளைக்கு ஒரு முறை நெடுநேரம் செய்வதைவிட, சிறிது சிறிதாகப் பல வேளை செய்வதே பலன் தரும். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் பயிற்சி அதிகமாகிவிட்டது என்று பொருள்.

இரண்டு மாதம் கழிந்த பின்னரே ஸ்பாஞ்சை அழுத்துதல், மாவு பிசைதல் போன்ற பலப் பயிற்சிகள் வரும். பால் கறப்பதும் மண்வெட்டி பிடிப்பதும் பொதுவாக மூன்று மாதத்திற்கு முன் ஆகாது. கறக்கும் கை மாறினால் மாடு பாலை அடக்கும் என்ற கவலை நியாயமானதே. ஆயினும், சில நாட்களில் மாடு புதுக் கைக்குப் பழகிவிடும். அறுந்த தசைநாண் அப்படியல்ல. பஸ் செலவுக்கும் கறவை நேரத்திற்கும் அஞ்சிப் பயிற்சிக்குப் போவதை நிறுத்துவோர் கடைசியில் இழப்பது அதைவிட அதிகம்.

வெட்டுப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆகவே, உணர்ச்சி திரும்பப் பல மாதங்கள் பிடிக்கும். உணர்ச்சி வரத் தொடங்கியதும் ராகி, கம்பு, பச்சைப்பயறு, பருத்திக்கொட்டை ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் வைத்து, முதலில் பார்த்தும் பிறகு கண்ணை மூடியும் தொட்டு அடையாளம் காணப் பழகலாம். அதுவரை சூடான பாத்திரங்களில் எச்சரிக்கை தேவை, சுடுவதே தெரியாது. மார்கழிக் குளிரில் விரல் வெளிறி வலிப்பது இரண்டொரு ஆண்டுகள் இருக்கக்கூடும். கம்பளி உறை அணிந்தால் தணியும்.

வீட்டில் நிற்கும் இயந்திரத்தையும் இதற்குள் சரி செய்துவிட வேண்டும். தட்டு செலுத்தும் தொட்டி, இழுக்கும் உருளையைக் கை எட்டாத அளவு நீளமாகவும் மேலே மூடியுடனும் இருத்தல் அவசியம். வெட்டுக் கத்திச் சக்கரத்திற்குக் கூடு வேண்டும். சிக்கிய தட்டைப் பின்னோக்கி எடுக்கும் கைப்பிடியும் நிற்கும் இடத்திலிருந்தே எட்டும் மோட்டார் சுவிட்சும் பொருத்துவதை உள்ளூர்ப் பட்டறையிலேயே முடித்துக்கொள்ளலாம்.